பத்து வாட் வாக்கி டாக்கி: காவிரிப் படுகையில் வாங்குவோருக்கும் கையாள்வோருக்கும் ஒரு பாதுகாப்புக் கையேடு

காவிரிப் படுகையில் வாக்கி டாக்கி இப்போது போலீஸ்காரர் கையில் மட்டும் இருக்கும் கருவி அன்று. வடம் பிடிக்கும் கூட்டத்துக்கும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கும் இடையே சொல் போய்ச்சேர வேண்டிய தேர்த் திருவிழாக் குழுவினர், வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கங்களில் குளத்துக்குக் குளம் ஆள் நிறுத்தி இறால் வளர்ப்பவர்கள், அறுவடை இயந்திரம் ஒரு வயலிலும் நெல் ஏற்றும் டிராக்டர் இன்னொரு வயலிலுமாக வேலை வாங்கும் பண்ணைக்காரர்கள் எனப் பலரும் இதைத் தேடுகிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, மின்கம்பங்களைச் சாய்த்துச் செல்போன் தொடர்பையும் துண்டித்துவிட்டுப் போனதைப் பார்த்தவர்களுக்கு, செல்போன் கோபுரத்தை நம்பாத ஒரு கருவி வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் வாங்கப் போகும்போது கண்ணில் முதலில் படுவது 8 வாட், 10 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பெட்டிதான். அந்த எண் நம் சமவெளியில் தரும் பயன் சிறிது. அது கூட்டும் சூடும் ஆபத்தும் பெரிது. எனவே வாங்குவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவற்றையும் வாங்கியபின் கையாள வேண்டிய முறையையும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வாட் கூடினால் தூரம் கூடுமா

இந்தக் கைக்கருவிகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வி.எச்.எஃப். அலைவரிசையிலோ, 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள யு.எச்.எஃப். அலைவரிசையிலோ இயங்குகின்றன. இந்த அலைகள் ஏறக்குறைய பார்வை போகும் வழியிலேயே போகும். பூமியின் வளைவுக்கு அப்பால் அதிகம் இறங்கிச் செல்வதில்லை. இரண்டு பேர் தரையில் நின்று, கருவியை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால், இடையில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில்கூடக் கணக்குப்படி எல்லை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நம் ஊர்களில் இடையில் தென்னந்தோப்பும் மூங்கில் கொல்லையும் மாடி வீடுகளும் நிற்பதால், நடைமுறையில் கிடைப்பது அதில் பாதிக்கும் மிகக் குறைவு. அந்த இருவரில் ஒருவர் 10 மீட்டர் உயரமுள்ள மொட்டை மாடியில் ஏறிவிட்டாலோ கணக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. திறன் ஒரு வாட்கூட ஏறவில்லை. ஏறியது ஆள் மட்டுமே.

மறுபக்கம், 5 வாட்டை 10 வாட் ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு வைக்கும் அமெச்சூர்கள் அலைவலிமையை அளக்கும் எஸ் அளவீட்டில் ஒரு படி ஏற 6 டெசிபல் வேண்டும், அதாவது திறன் நான்கு மடங்காக வேண்டும். ஆக, இரட்டிப்புத் திறனால் கேட்பவருக்குக் கிடைப்பது அரைப் படி மட்டும்தான். அடைத்த குரல் சற்றுத் தெளியலாம். கேட்காத ஊர் கேட்கும் ஊராகிவிடாது. கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவை எடுத்துவிட்டு அதே அலைவரிசைக்கென்று செய்த நீளமான ஆன்டெனாவைப் பொருத்துவது பெரும்பாலும் இதைவிடக் கூடுதல் பயன் தரும். தோப்புக்குள் வேலை என்றால் வி.எச்.எஃப். நன்று; ஈர இலைகளில் யு.எச்.எஃப். அதிகம் தேய்கிறது. அரிசி ஆலை, மண்டபம் போன்ற கட்டடங்களுக்குள் யு.எச்.எஃப். நன்றாகப் புழங்கும்.

பெட்டியில் அச்சிட்ட 10 வாட் உண்மையிலேயே வெளிவருகிறதா என்பது வேறு கேள்வி. மலிவுக் கருவிகள் பலவற்றை அளந்து பார்த்தால் சொன்னதைவிடக் குறைவாகவே வரும். அப்படி ஏமாற்றியிருந்தால் உடம்புக்கு ஒருவகையில் நல்லதுதான்.

உரிமம்

இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டும். இந்தியாவில் வானொலி அலை அனுப்பும் கருவியை வைத்திருப்பதும் இயக்குவதும் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆகியவற்றின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டு வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துள்ளது. உரிமம் தேவையில்லை என்று விலக்களிக்கப்பட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய இடத்தில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கே. அவையும் தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். 5 வாட்டும் 10 வாட்டும் தரும், எந்த அதிர்வெண்ணையும் தட்டச்சு செய்து திறந்துகொள்ளக்கூடிய கருவி அந்த விலக்குக்குள் வராது. இணையத்தில் விற்கிறது என்பதனாலேயே சட்டப்படி சரி என்று கொள்ளக்கூடாது. ஒப்புதலோ உரிம விவரமோ இல்லாமல் வாக்கி டாக்கிகள் பட்டியலிடப்படுவதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட வேண்டி வந்தது.

அரிசி ஆலை, பண்ணை, நிறுவனம் போன்ற தொழில் பயன்பாட்டுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக விண்ணப்பித்து அதிர்வெண் ஒதுக்கீடு பெறலாம். ஆர்வத்துக்காகவும் பேரிடர்க் காலத்துக்காகவும் வேண்டும் என்பவர்கள் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதலாம். 12 வயது நிறைந்தால் போதும், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை கைக்கருவியில் பேச வழி கிடைக்கும். ஆனால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு நெல் லோடு பேசக்கூடாது. திருவிழாக் குழுவினருக்கு என் பரிந்துரை, விலக்களிக்கப்பட்ட 446 கருவிகளே. நான்கு வீதிகளுக்கு அவை போதும். வீதி முனையில் ஒருவரை மாடியில் நிறுத்தி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் செய்தால் தாராளமாகப் போதும்.

கடலோரத்தில் இந்தச் சட்டப் பிரச்சினை உயிர்ப் பிரச்சினையாகிறது. கடல்சார் வி.எச்.எஃப். கருவியின் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ஆபத்தில் இருக்கும் படகு கூப்பிடும் இடம் அது. மலிவுக் கைக்கருவிகளின் அலைவரிசைக்குள் அந்த அதிர்வெண்ணும் அடக்கம். அக்கரைப்பேட்டையிலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ கடலுக்குப் போகிறவர்கள் கடல்சார் கருவியையே வைத்துக்கொள்ள வேண்டும். கரையில் இருப்பவர்கள் விளையாட்டுக்குக்கூட அந்த அதிர்வெண்ணில் பொத்தானை அழுத்தக்கூடாது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற இலவச எண்ணைப் படகில் எழுதி ஒட்டிவைப்பதும் நல்லது.

உடம்பில் நடப்பது

வானொலி அலை அணுக்கதிர் போன்றதன்று. உயிரணுவின் மூலக்கூறுகளைப் பிளக்கும் ஆற்றல் அதற்கில்லை. உறுதியாக அறியப்பட்ட விளைவு, திசுவைச் சூடாக்குவது. இரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் சூட்டை விரைந்து வெளியேற்ற முடியாத கண்ணும் விரையும் இதில் கூடுதல் கவனத்துக்குரியவை. புற்றுநோய் பற்றிய கேள்வியில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் வானொலி அதிர்வெண் அலைகளை 2பி என்ற பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பதற்குச் சான்று குறைவாகவே உள்ள பிரிவில் சேர்த்தது. பீதி கொள்ள இதில் காரணமில்லை. அலட்சியத்துக்கும் இது சான்றிதழ் அன்று.

செல்போனோடு ஒப்பிட்டால் அளவு விளங்கும். பழைய ஜி.எஸ்.எம். போன் ஒன்று உச்சத்தில் 2 வாட் அனுப்பினாலும், எட்டில் ஒரு பங்கு நேரமே அனுப்புவதால் சராசரி கால் வாட்தான். கோபுரம் அருகில் இருந்தால் அதையும் தானே குறைத்துக்கொள்ளும். 10 வாட் வாக்கி டாக்கி பொத்தான் அழுந்தியிருக்கும் ஒவ்வொரு நொடியும் முழு 10 வாட்டை அனுப்புகிறது. பேசுபவர் வாய் மூடி யோசித்துக்கொண்டிருந்தாலும் அனுப்புகிறது, எஃப்.எம். முறையில் மௌனத்துக்கும் பேச்சுக்கும் திறனில் வேறுபாடு இல்லை. செல்போனுக்கு இந்தியா 2012 செப்டம்பர் முதல் உடம்புத் திசு ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் அலையை உறிஞ்சக்கூடாது என்ற வரம்பை வைத்திருக்கிறது. தொழில்முறைக் கைக்கருவிகளோ, பயிற்சி பெற்ற பணியாளர் என்ற கணக்கில், பொதுமக்களுக்குரியதைப் போல் ஐந்து மடங்கு வரம்புக்குள் இருக்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. அதுவும் பாதி நேரமே பேசுவார்கள் என்ற அனுமானத்தின் பேரில். பெயர் தெரியாத 10 வாட் கருவியை இந்த வரம்புக்குச் சோதித்தார்களா என்பதைப் பெட்டியிலும் கையேட்டிலும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது வாங்காமல் இருக்கப் போதுமான காரணம்.

பிடிக்கும் முறை எளிது. கருவியைச் செங்குத்தாக, முகத்துக்கு நேரே, வாயிலிருந்து குறைந்தது 2.5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். உயர்திறன் கருவியென்றால் ஐந்து சென்டிமீட்டர் தள்ளினாலும் குரல் குறைவதில்லை. செல்போனைப் போலக் காதோடு அணைத்து, ஆன்டெனா நெற்றிப் பொட்டைத் தொடும்படி சாய்த்துப் பேசுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. கேட்பதற்கு வேண்டுமானால் காதருகே கொண்டு போகலாம். பேச அழுத்தும்போது முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். ஆன்டெனாவைக் கையால் மூடிப் பிடிப்பதும் ஆகாது. ரப்பர் உறை கிழிந்து உள்ளே உலோகம் தெரிகிற ஆன்டெனா அலை அனுப்பும்போது தோலில் பட்டால் சிறு தீக்காயம் ஏற்படும். உறை கிழிந்ததை ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

கோயில் வேலையில் இன்னொரு வழக்கம் உண்டு. மேல்சட்டை இல்லாமல் வேட்டி கட்டியிருப்பவர் கருவியை இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்வார். ஆன்டெனா வெறும் விலாவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் ஒயர் மைக்கை அழுத்திப் பேசினால், வாய்க்கு அருகில் இருக்கவேண்டிய ஆபத்து விலாவுக்கு அருகில் போய்விடுகிறது, அவ்வளவே. கருவியோடு வரும் பெல்ட் கிளிப்பும் உறையும் அழகுக்காகத் தரப்படுவன அல்ல. உடம்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே சோதித்துப் பார்த்த இடைவெளியை அவை காக்கின்றன. வேட்டிமேல் ஒரு பெல்ட் கட்டி, கிளிப்பில் மாட்டி, ஆன்டெனா வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அணிய வேண்டும். ஒயர் மைக் நல்ல ஏற்பாடு. ஆனால் மைக்தான் தோளில் இருக்க வேண்டும், கருவி அன்று.

நேரத்தைக் கருவியே கட்டுப்படுத்தவும் வழியிருக்கிறது. பெரும்பாலான கருவிகளின் மெனுவில் பேசும் நேர வரம்பு இருக்கும். அதை 60 நொடிக்கு வைத்தால், பொத்தான் எங்காவது அழுந்திக்கொண்டாலும் அலை தானே நின்றுவிடும். குரல் கேட்டதும் தானாக அனுப்பும் வாக்ஸ் வசதியைத் திருவிழாவில் கட்டாயம் அணைத்துவைக்க வேண்டும். தவிலும் நாகசுரமும் ஒலிக்கும் இடத்தில் அது இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். சேனல் அடைபடும், கருவி கொதிக்கும், அணிந்தவர் உடம்பில் அத்தனை நேரமும் அலை பாயும்.

செய்தியைச் சுருக்குவது உடம்புக்கும் நல்லது, தேருக்கும் நல்லது. பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். பேசி முடித்து அரை நொடி கழித்து விடுங்கள். விரல் முந்திக்கொண்டால் சொல்லின் வால் அறுந்துவிடும். "இழுக்காதீங்க" என்பது பாதியில் அறுந்தால் எதிர்முனையில் கேட்பது இழு என்பதுதான். அதனால் வடத்தை நிறுத்த "நிறுத்து, நிறுத்து" என்று இருமுறை சொல்வதென முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். எதிர்மறை விகுதியில் தொங்கும் கட்டளைகளை வாக்கி டாக்கியில் சொல்லவே வேண்டாம்.

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் திறனைப் பார்த்தே இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். பேஸ்மேக்கர் தயாரிப்பாளர் கையேடுகளில் 3 வாட் வரையுள்ள கருவிக்கு 15 சென்டிமீட்டர், அதற்கு மேல் 15 வாட் வரை 30 சென்டிமீட்டர் என்ற வகையில் குறிக்கப்பட்டிருக்கும். அவர்கள் இந்தக் கருவியைக் கையாளாமல் வேறு பொறுப்பு ஏற்பதே நல்லது. பிள்ளைகள் கையில் உயர்திறன் கருவியை விளையாட்டுக்குக் கொடுக்கக்கூடாது.

அணைக்க வேண்டிய இடங்கள்

பெட்ரோல் பங்க், சமையல் எரிவாயு கிடங்கு, எண்ணெய்க் கிணற்று வளாகம் ஆகியவற்றுக்குள் போகும்முன் கருவியை அணைக்க வேண்டும். நரிமணம், குத்தாலம் போன்ற எண்ணெய், எரிவாயு வயல்கள் உள்ள நம் பகுதியில் இது ஏட்டுச்சுரைக்காய் அன்று. அத்தகைய இடங்களில் வேலை செய்வோருக்கென்று, தீப்பொறி எழாதவாறு வடிவமைத்துச் சான்றளிக்கப்பட்ட கருவிகள் தனியே உள்ளன. இந்தியாவில் அவற்றுக்குப் பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் தேவை. சாதாரணக் கருவியின் பேட்டரியை அங்கே கழற்றி மாட்டுவது, பேசுவதைப் போலவே அபாயமானது. தொடுமுனைகளில் பொறி தெறிக்கும். அரிசி ஆலையில் தவிட்டுத் தூளும் உமித் தூசியும் மிதக்கும் அறைகளிலும் அதே கவனம் வேண்டும், காற்றில் கலந்த தானியத் தூசி வெடிக்கக்கூடியது.

திருவிழா வாணவேடிக்கையை மின் கம்பி வழியாகப் பற்றவைக்கும் ஏற்பாடு இருந்தால், அந்தக் கம்பிகளே ஆன்டெனாவாக மாறி அலையைப் பிடித்துத் திரியைப் பற்றவைக்கும் வாய்ப்பு உண்டு. வெடி கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த வாக்கி டாக்கியும் பேச வேண்டாம். திறன் கூடினால் விலகியிருக்க வேண்டிய தூரமும் கூடும். மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அணைத்துவைக்க வேண்டும். காரில் ஏர்பேக் விரியும் இடத்தின்மேல் கருவியை வைக்கக்கூடாது.

உயரம் நல்லது என்று முன்னே சொன்னதற்கு ஓர் எல்லையும் சொல்ல வேண்டும். ஆன்டெனாவை மூங்கிலில் கட்டித் தூக்க நினைப்பவர்கள், மூங்கில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தைத் தேர வேண்டும். அதாவது மூங்கிலின் முழு நீளத்தைவிடக் கம்பி தூரத்தில் இருக்க வேண்டும். தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேரின்மேல் நிற்பவர் நீண்ட ஆன்டெனா பொருத்திய கருவியை வைத்திருக்கவே கூடாது. இடி மின்னல் தொடங்கிவிட்டால் மாடியில் நிற்பவர் கீழே இறங்க வேண்டும், வயல் நடுவே நிற்பவர் கட்டடத்துக்குள் போக வேண்டும், கருவி பிறகு.

பேட்டரியும் சூடும்

10 வாட் அலை வெளியே போக, கருவி பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 20 வாட் எடுக்கிறது. மீதிப் பத்து வாட்டும் கையில் சூடாகத்தான் தேங்குகிறது. 7.4 வோல்ட் பேட்டரியில் இது இரண்டரை ஆம்பியருக்கும் மேல். 1800 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இடைவிடாமல் பேசினால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. எனவே குறைந்த திறனில் கேட்கிற இடத்தில் குறைந்த திறன் பொத்தானையே பயன்படுத்துங்கள். சூடு, செலவு, உடம்பில் படும் அலை என்ற மூன்றும் ஒரே அழுத்தில் குறைகின்றன. ஆன்டெனா இல்லாமலோ சரியாகத் திருகாமலோ பேசினால் வெளியேற வழியில்லாத திறன் உள்ளேயே திரும்பி, கருவியின் கடைசி நிலை டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்யக்கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்த கருவி அந்த அளவைத் தாண்டியிருக்கும். நிழலில் ஆறவிட்டுப் பிறகே சார்ஜரில் வையுங்கள். சார்ஜரில் இருக்கும்போது பேசாதீர்கள். மாற்றுப் பேட்டரியைச் சில்லறையோடும் சாவிக்கொத்தோடும் ஒரே பையில் போட்டால் முனைகள் குறுக்கிணைந்து சூடேறித் தீப்பிடிக்கலாம். முனைகளின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது முதுகு உப்பி, லேசாக ஆடும் பேட்டரியை அன்றோடு ஒதுக்கிவிட வேண்டும். அதைக் குத்திப் பார்ப்பதும் அழுத்தி உள்ளே தள்ளுவதும் தீயை வரவழைக்கும் வேலை. புகை வந்தால் மின் இணைப்பைத் துண்டித்து, வெளியே தள்ளி, நிறைய தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும்.

உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் பேட்டரித் தொடுமுனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்துவிடும். அழிரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்கலாம். இறால் குளத்திலோ கழிமுகத்திலோ விழுந்த கருவியை உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் உப்பை அலசி, முழுதாக உலர்ந்த பிறகே மீண்டும் மாட்ட வேண்டும். நனைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டாம், புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவிழா முடிந்ததும் அடுத்த ஆண்டுவரை பெட்டியில் போட்டுவைக்கும் குழுக்கள், பேட்டரியை முழுதாக நிரப்பியும் வைக்கக்கூடாது, காலியாகவும் வைக்கக்கூடாது. பாதியளவு சார்ஜில் கருவியிலிருந்து கழற்றி, ஓட்டுக்கூரையின் சூடு படாத அறையில், காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை பார்த்து நிரப்ப வேண்டும். உரிமமோ ஒப்புதல் விவரமோ அடங்கிய தாளின் நகலையும் அதே பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர் தேடி அலைய வேண்டியிருக்காது.